பீக் பார்ட்டிகிள் வெலாசிட்டி: 'துகள்' வேண்டாமே

அண்ணாச்சிக்கு வணக்கம்.

குவாரி வெடியால் தரை எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைச் சொல்லும் 'பீக் பார்ட்டிகிள் வெலாசிட்டி' (peak particle velocity) என்ற அளவுக்கு, நம் சொற்பட்டியலுக்காக நீங்கள் முன்வைத்த 'உச்சத் துகள் திசைவேகம்' இயற்பியல் பாடப்புத்தகத்துக்குச் சரி. ஆனால் இந்தச் சொல் போய்ச் சேரும் இடம் வேறு. இராதாபுரம் பக்கம் கல்குவாரிக்கு அருகில் வீடு கட்டியவர், திங்கட்கிழமை மனுவோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறாரே, அவர் கைக்குக் கிடைக்கும் அளவீட்டு அறிக்கையில் இது இருக்கப்போகிறது. 'துகள்' என்று படித்ததும் கிரஷர் தூசியைத்தான் நினைப்பார். திண்ணையில் தினமும் கூட்டி அள்ளுவது அதைத்தானே!

இங்கே அளப்பது தரையின் ஆட்டத்தை. வெடி போட்டதும் அலை பாறை வழியாக வந்து, அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணை அசைக்கிறது. நெடுக்கில், குறுக்கில், மேலும் கீழுமாக என்று மூன்று திசையிலும் அது எவ்வளவு வேகமாக ஆடியது என்று ஜியோஃபோன் என்ற அதிர்வு உணரும் கருவி பதிகிறது. பதிவானதில் உச்சம்தான் அந்த எண். அதனால் என் பரிந்துரை 'தரையதிர்வு உச்சவேகம்'. 'நில அதிர்வு' என்றால் பூகம்பச் செய்தி மாதிரி ஆகிவிடும்.

'அதிர்வு அளவு' போதுமே என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். போதாது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வேகத்துக்குத்தான் வரம்பு வைக்கிறது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, அதிர்வெண் (நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்ற கணக்கு) 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. வீடு இயல்பாக ஆடக்கூடிய அதிர்வெண்ணும் கீழ்மட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும், அதனால்தான் அங்கே வரம்பு இறுக்கம். அறிக்கையில் '9' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், 6 ஹெர்ட்ஸில் அது மீறல், 12 ஹெர்ட்ஸில் வரம்புக்குள். எனவே சொல்விளக்கத்திலேயே 'அதிர்வெண்ணோடு சேர்த்துக் குறிக்க வேண்டும்' என்று ஒரு வரி போட்டுவிடுவோம்.

அடுத்து 'வெடிப்பு'. மனுக்களில் 'வீட்டில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது' என்று எழுதுகிறார்கள். சுவர் விண்டதும் வெடிப்பு, பாறையைத் தகர்ப்பதும் வெடிப்பு என்றால் விசாரணைக் குறிப்பில் குழப்பம்தான் வரும். சுவருக்கு 'விரிசல்', குவாரிக்கு 'வெடி' என்று பிரித்துவிடலாம். பறந்து வரும் கல்லுக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். ஊரில் 'கல் தெறிக்குது' என்கிறார்கள், 'தெறிகல்' போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'பிரீ-பிளாஸ்ட் சர்வே'. 'வெடிமுன் ஆய்வு' என்பதை விட 'வெடிமுன் வீட்டுப் பதிவு' நல்லது. ஆய்வு என்றால் யாரோ தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது போல இருக்கிறது. இது தீர்ப்பல்ல, வெடி தொடங்கும் முன் வீடு இருந்த நிலையின் சாட்சி. எந்த அறையில், சன்னலின் எந்த மூலையில், எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் விரிசல் என்று அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நிலக்கரித் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு இது விதி. அரை மைலுக்குள் இருக்கும் வீட்டாருக்கு வெடி தொடங்க 30 நாள் முன்பே தகவல் சொல்ல வேண்டும், கேட்டால் பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

இங்கே தகராறு நீள்வதே இந்தப் பதிவு இல்லாததால்தான். குவாரிக்காரர் 'கரிசல் மண், வெயிலுக்கு விண்டது' என்பார். வீட்டுக்காரர் 'போன மாசம்வரை இல்லை' என்பார். கரிசல் சுவரை விள்ளச் செய்வதும் உண்மை, வெடி செய்வதும் உண்மை. ஒரு குறிப்பிட்ட விரிசல் எதனால் வந்தது என்று பிறகு பார்த்துச் சொல்வது பொறியாளருக்கே கடினம். இதில் நட்டப்படுவது எப்போதும் வீட்டுக்காரர்தான்.

கட்டடப் பொறியாளர்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி, அது உடைகிறதா என்று பார்ப்பீர்களே, அதற்குக் கொத்தனார்கள் என்ன பெயர் சொல்கிறார்கள்? அதையே பட்டியலில் ஏற்றிக்கொள்ளலாம்.