உளவாளி கேலிப்படங்களில் வெறும் விழுந்து எழுவதுதான் இருக்கிறதா?

கறுப்புக்கண்ணாடி: உளவாளிகளைக் கிண்டலடிக்கும் படங்களில் "விழுந்து எழுவதைத் தவிர ஒன்றுமே இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குத்தான் லாயக்கு" என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. 2011-ல் வந்த 'ஜானி இங்கிலீஷ் ரீபார்ன்' பார்த்தாரா? பிரதமர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் உளவாளியாக நடிக்கும் ரோவன் அட்கின்சனின் நாற்காலி ஏறுகிறது, இறங்குகிறது, மனிதர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். எங்கே விழுந்தார்?

மௌனப்படப்பிரியன்: எழுதியவன் நான்தான். விழவில்லை, சரி. நாற்காலி ஏறி இறங்குவதில் என்ன பெரிய நகைச்சுவை? 1928-லேயே வீட்டின் முன்சுவர் முழுசாகத் தன்மேல் சாய, ஜன்னல் இடைவெளி சரியாகத் தன்னைச் சுற்றி விழும்படி அசையாமல் நின்றார் மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன். அது கலை.

கறுப்புக்கண்ணாடி: கீட்டனை யார் குறை சொன்னது? நாற்காலிக்குப் பதில் சொல்லுங்கள். அங்கே சிரிப்பு வருவது கம்பீரத்தைக் காப்பாற்ற அவர் படும் பாட்டைப் பார்த்து. உளவாளி என்றால் கோட்டுகூடக் கசங்கக் கூடாது என்று பல படங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன, அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் காட்சியே இல்லை. அதே படத்தில் ஹாங்காங் துரத்தல், எதிரி தாவித் தாவி ஓட இவர் சுலபமான வழி பார்த்து நிதானமாகப் பின்னால் போகிறார். அதிலும் விழவில்லை!

பழையரீல்: ஷூவைக் கழற்றிக் காதில் வைத்து டெலிஃபோன் பேசும் உளவாளியை 1965-லேயே 'கெட் ஸ்மார்ட்' தொடரில் டான் ஆடம்ஸ் செய்துவிட்டார், அட்கின்சன் பின்னால் வந்தவர். அப்புறம் 'பிங்க் பாந்தர்' படங்களில் பீட்டர் செல்லர்ஸ் நடித்த க்ளூஸோவை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கறுப்புக்கண்ணாடி: மறுபடியுமா? க்ளூஸோ பிரெஞ்சு போலீஸ் இன்ஸ்பெக்டர், உளவாளி இல்லை. போன தடவையும் இதையே சொல்லி விவாதத்தைக் குட்டிச்சுவராக்கினீர்கள்.

பழையரீல்: ஓஹோ, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பீர்களோ? அதே பீட்டர் செல்லர்ஸ் 1967-ல் வந்த 'கேசினோ ராயல்' கேலிப்படத்திலும் நடித்தார். அது உளவாளிப் படம்தானே?

மௌனப்படப்பிரியன்: ஐந்து இயக்குநர்கள் பெயர் போட்டும் தேறாத படம் அது.

பழையரீல்: உங்களுக்கு எதுதான் தேறியது?

கறுப்புக்கண்ணாடி: பேச்சை மாற்றாதீர்கள். நாற்காலிக் காட்சியில் விழுந்தாரா இல்லையா?

மௌனப்படப்பிரியன்: விழவில்லை என்று முதலிலேயே சொன்னேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

கறுப்புக்கண்ணாடி: அப்படியானால் "விழுந்து எழுவதைத் தவிர ஒன்றுமே இல்லை" என்ற வரியை எடுங்கள்.

மௌனப்படப்பிரியன்: எடுக்க மாட்டேன்.

பழையரீல்: செல்லர்ஸ் பற்றிக் கேட்டேனே?