மலேரியாவே இல்லாத ஊரில இருந்து ஒட்டுண்ணி ஜீனோம் (முழு டிஎன்ஏ) படிக்கலாமோ?

நிலாவெளிப்பொடியன்: திருமலைல பயோ படிக்கிறன். ஒட்டுண்ணியும் அது தங்கிற உடம்பும் போட்டிபோட்டு மாறுறதை டிஎன்ஏ டேட்டால எப்பிடிப் பிடிக்கிறது? 2016லயே இலங்கைல மலேரியா ஒழிஞ்சிட்டெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லிப்போட்டுது, சாம்பிளுக்கு எங்க போறது?

உப்புவெளி அக்கா: சாம்பிள் ஏன் தம்பி? ஒரே நோயாளின்ர டிஎன்ஏயையும் அவருக்குள்ள இருந்த கிருமின்ர டிஎன்ஏயையும் சேர்த்துப் பாக்கோணும், தனித்தனியாப் பாத்தா பாதிக் கதைதான். காம்பியா, கென்யாப் பிள்ளையள்ல அப்பிடித்தான் பாத்தவை, சிவப்பு ரத்த அணுவை அரிவாள் மாதிரி வளைக்கிற சிக்கிள் செல் ஜீன் கடும் மலேரியாவைத் தடுக்கும், ஆனா ஃபால்சிபாரம் எண்ட மலேரியாக் கிருமின்ர ஜீனோம்ல சில இடம் மாறியிருந்தா அந்தக் காவல் பெருசா எடுபடாது. கிருமிப்பக்க டேட்டா மலேரியாஜென் எண்ட ஆராய்ச்சிக் கூட்டமைப்பின்ர தளத்தில இலவசமாக் கிடக்கு.

குளத்துமீன்: மலேரியாதான் வேணுமெண்டில்லை. டாஃப்னியா எண்ட சின்ன நீர்ப்பூச்சியைப் பாருங்கோ, குளத்துச் சேத்தில கிடக்கிற பழைய முட்டையைப் பொரிக்கவச்சு அந்தந்தக் காலத்துக் கிருமியோட மோதவிடலாம்!

நிலாவெளிப்பொடியன்: நன்றி அக்கா, என்ர லாப்டாப் தாங்குமோ?

உப்புவெளி அக்கா: கூகுள் கோலாப்ல ஓடவிடும், அது கூகுளின்ர கணினில இணையத்தாலயே கோட் ஓட்டுற இடம்.