மேரிலாந்து கிரீன்பெல்ட்: வீடு, பாதை, மனிதர்கள் (அனுபவப் பகிர்வு)

பழைய கிரீன்பெல்ட் உறுப்பினர்

வாஷிங்டன் பக்கம் வேலை கிடைத்தவர்கள் கிரீன்பெல்ட்டில் மலிவாக ஒரு செங்கல் வீட்டைப் பார்த்ததும் நேரே வங்கிக்குப் போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஊரின் முதல் பகுதியான பழைய கிரீன்பெல்ட்டில் சுமார் 1,600 வீடுகள் ‘கிரீன்பெல்ட் ஹோம்ஸ்’ என்ற கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். மத்திய அரசு கட்டிய இவற்றை 1952-இல் குடியிருந்தவர்களே சங்கமாகச் சேர்ந்து வாங்கினார்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது சங்க உறுப்பினர் உரிமையும், அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையும். வீட்டுப் பத்திரம் உங்கள் பேரில் வராது. அதனால் சாதாரண வீட்டுக்கடனுக்கு வாங்கி வைத்த முன் ஒப்புதல் கடிதம் இங்கே உதவாது. கூட்டுறவுப் பங்கின் பேரில் கடன் தருபவர்கள் மிகச் சிலரே. அவர்கள் யார் என்று முதலில் சங்க அலுவலகத்தில் கேளுங்கள், அவர்களிடம் ஒப்புதல் வாங்குங்கள், அப்புறம் வீடு பாருங்கள். இந்த வரிசை மாறினால், விற்பவரோடு ஒப்பந்தம் போட்ட பிறகு கடன் கிடைக்காமல் கெடு தாண்டிப் போகும்.

மாதக் கட்டணம் பெரிதாகத் தெரியும். மிரள வேண்டாம், சொத்து வரி, கட்டடக் காப்பீடு, குப்பை அகற்றுவது, வெளிப்புறப் பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். மின்கட்டணமும் வீட்டுச் சாமான்களுக்கான காப்பீடும் உங்கள் பொறுப்பு. வாங்கிப்போட்டு வாடகைக்கு விடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. உறுப்பினரே குடியிருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

வீடு மூன்று வகை. செங்கல் வீடுகளும் வெள்ளையடித்த பிளாக் (கான்கிரீட் கல்) வீடுகளும் 1930-களில் எழுந்த முதல் தொகுதி. மர வீடுகள் 1941-இல் போர்க்கால ஊழியர்களுக்காக அவசரமாகக் கட்டிய 1,000 வீடுகள். விலை குறைவு என்று மர வீட்டுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டு: பக்கத்து வீட்டுச் சத்தம் சுவர் வழியாக எவ்வளவு வருகிறது, தரைக்கு அடியிலுள்ள இடைவெளியில் ஈரம் தங்குகிறதா. பிளாக் வீடுகளில் பல தட்டைக் கூரை, மேல்மாடிக் கூரை மூலைகளில் பழைய கசிவுத் தடம் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். செங்கல் வீடு மூன்றிலும் உறுதி, விலையும் அதற்கேற்பத்தான். சுவரை உடைப்பது, வேலி போடுவது, வெளியே எதையாவது பொருத்துவது எதுவானாலும் முன்னதாக எழுத்தில் அனுமதி வேண்டும். இல்லையென்றால் விற்கும் நேரத்துப் பரிசோதனையில் மாட்டி, உங்கள் செலவிலேயே பழையபடி ஆக்கித் தர நேரும்.

கோர்ட் வீட்டுக்காரர்

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘10-பி கிரசென்ட் சாலை’ என்றால் கிரசென்ட் சாலையிலிருந்து பிரியும் பத்தாம் எண் கோர்ட்டில் (வீடுகள் சூழ்ந்த சிறு முற்றச் சந்து) ‘பி’ வீடு. ரிட்ஜ் சாலையிலும் அதே போன்ற எண்கள் வரும் என்பதால், சாலைப் பெயரை விட்டுவிட்டுச் சொன்னால் பார்சல் வேறு வாசலில் உட்கார்ந்திருக்கும். கிரசென்ட் சாலையின் அந்தப் பத்தாம் எண் ‘பி’ வீடுதான் ஊர் அருங்காட்சியகம். 1930-களின் நாற்காலி, அலமாரி, சமையலறை எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே ஒரு முறை போய் வந்தால், அறைகளின் உண்மையான அளவு பிடிபடும். உங்கள் பெரிய சோபா மாடிப்படி ஏறாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முகம். கார் நிறுத்துவது, குப்பை வைப்பது, சாமான் இறக்குவது எல்லாம் ‘சர்வீஸ்’ பக்கம். மறுபக்கம் தோட்டம், அதைத் தாண்டினால் எல்லோருக்கும் பொதுவான புல்வெளியும் நடைபாதையும். ஜிபிஎஸ் எப்போதும் சர்வீஸ் பக்கத்துக்கே கூட்டிப்போகும், அங்கே நின்று பார்த்தால் ஊர் சாதாரணமாகத்தான் தெரியும். தோட்டப் பக்கத்து நடைபாதையில் இறங்குங்கள். கிரசென்ட் சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதை வழியாக, ஒரு காரைக்கூட எதிர்கொள்ளாமல் ஊர்க் கடைவீதியான ரூஸ்வெல்ட் சென்டர் போய்ச் சேரலாம். பள்ளிப் பிள்ளைகள் தனியாக நடந்து போவதற்காகவே போட்ட திட்டம் இது. கூட்டுறவு மளிகைக் கடையும் 1938-இல் திறந்த திரையரங்கும் அங்கேதான். கடையில் வாங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

அருகிலுள்ள சமூக மையம் முன்பு பள்ளிக்கூடம். அதன் முகப்புச் சுண்ணாம்புக்கல்லில் அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையை லெனோர் தாமஸ் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார். கண் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நின்று பார்க்கத் தோதானது.

ஊர்க் கூட்டம் தவறாதவர்

இந்த ஊர்க்காரர்களோடு பழக ஒரே வழி, ஏதாவது ஒரு வேலையில் போய்ச் சேர்வது. வாராவாரம் வீடு தேடி இலவசமாக வரும் ‘கிரீன்பெல்ட் நியூஸ் ரிவ்யூ’ 1937 நவம்பரில் தொடங்கியது, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடுகிறது. அதைச் சிறு பத்திரிகை என்று எண்ண வேண்டாம். நகர மன்றக் கூட்டத்தில் ஒரு நில வியாபாரியின் பேரத்தை மக்கள் ‘பிளாக்மெயில்’ என்று சொன்னதை அச்சிட்டதற்காக 17,500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. பத்திரிகை விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போய் 1970-இல் வென்றது. அது குற்றச்சாட்டு அல்ல, காரசாரமான பேச்சு என்று நீதிமன்றம் ஏற்றது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு.

நகர மன்றத்தில் ஏழு பேர், மேயரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2018-இல் எடுத்த முடிவால் நகரத் தேர்தலில் 16 வயதினரும் வாக்களிக்கலாம். மன்றக் கூட்டத்தில் குடியிருப்பவர்கள் கோரிக்கை வைக்கத் தனி நேரம் உண்டு. பெயரையும் முகவரியையும் சொல்லி, ஒரே விஷயத்தைச் சுருக்கமாகப் பேசுங்கள். மரம் வெட்டுவது பற்றி என்றால் எந்த மரம், எந்த இடம் என்று சொல்லுங்கள். பொதுப்படையாகப் பேசினால் ‘பார்க்கிறோம்’ என்பதோடு நின்றுவிடும்.

மேற்குப் பகுதி வாடகைக்காரர்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் பழைய பகுதியையே சொல்கிறீர்கள். சுமார் 25,000 பேர் வாழும் ஊரில் அது ஒரு பங்குதான். நெடுஞ்சாலைகள் ஊரை மூன்றாகப் பிரித்துப் போட்டிருக்கின்றன. மேற்கே பெரிய வாடகைக் குடியிருப்புகளும் மெட்ரோ நிலையமும், கிழக்கே டவுன்ஹவுஸ்களும் காண்டோ அடுக்குமாடிகளும். அந்த நடைபாதைகள் இங்கே எட்டவில்லை. மெட்ரோ ரயிலின் பச்சைத் தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கி ரூஸ்வெல்ட் சென்டருக்கு நடந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். நடுவே அகலமான சாலைகள், தூரமும் அதிகம். பேருந்துதான் சரி. 2025 ஜூன் இறுதியில் மெட்ரோ பேருந்து எண்கள் எல்லாமே மாறிவிட்டன, பழைய பதிவுகளில் இருக்கும் எண்ணை நம்பி நிற்க வேண்டாம்.

இன்னொன்றையும் புதிதாக வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1930-களில் இந்த ஊரைக் கட்டிய தொழிலாளர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள், குடியேற வெள்ளையர்களை மட்டுமே அனுமதித்தார்கள். இன்று இங்கே வெள்ளையர்களைவிடக் கறுப்பின மக்களே அதிகம். 2021 நவம்பரில் கறுப்பின, பூர்வகுடி மக்களுக்கான இழப்பீடு பற்றி ஆராய ஒரு குழு வேண்டுமா என்று வாக்கெடுத்து, வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. கூட்டுறவைப் பற்றிப் பெருமையாகப் பேசும் எந்த இடத்திலும் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய கிரீன்பெல்ட் உறுப்பினர்

மேற்குப் பகுதி நண்பர் சொன்னது நியாயம். ஊர் மொத்தமும் ஒன்றுகூடுவது தொழிலாளர் தின விழாவில், 1955 முதல் நடக்கிறது, திங்கட்கிழமை ஊர்வலம். கடை போடுவது பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்கள், இலாபம் அவரவர் பொதுப்பணிக்கு. புதிதாக வந்தவர்கள் ஏதாவது ஒரு கடையில் சில மணி நேரம் நிற்க முன்வந்தால் மூன்று பகுதி மக்களையும் பார்த்துவிடலாம். கோவில் தேடுகிறவர்களுக்கு: சிவா விஷ்ணு ஆலயமும் முருகன் கோவிலும் பக்கத்து லேன்ஹமில், காரில் சிறிது நேரம்தான். விழா நடக்கும் வார இறுதியில் ரூஸ்வெல்ட் சென்டர் அருகே கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஏரிப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.