‘ரெஸ்டிட்யூஷன்’: கொள்ளைபோன கலைப்பொருள் திரும்புவதற்குத் தமிழில் என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

மாத்தி டியோப்பின் ‘தஹோமே’ ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. 2024 பெர்லின் விழாவில் தங்கக் கரடி வென்ற படம். 1892இல் தஹோமே அரசின் அபோமே அரண்மனையைப் பிடித்த பிரெஞ்சுப் படை வாரிச் சென்றவற்றில் 26 பொருள்கள், 2021 நவம்பரில் பாரிஸிலிருந்து பெனின் நாட்டுக்குத் திரும்பின. அந்தப் பயணத்தையும், அதைப் பற்றி அபோமே-கலாவி பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் விவாதத்தையும் படம் காட்டுகிறது. விவாதம் முழுக்க ‘ரெஸ்டிட்யூஷன்’ என்ற சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது.

முதல் வரைவில் ‘மீட்பு’ என்று போட்டிருக்கிறோம். இரண்டு இடங்களில் உதைக்கிறது. திரையிடல் கையேட்டில், மாத்தியின் பெரியப்பா ஜிப்ரில் டியோப் மாம்பெட்டியின் ‘டூக்கி பூக்கி’ (1973) பிரதியைச் சீர்செய்ததற்கும் ‘மீட்பு’ என்றே இருக்கிறது. அது சிதைந்த படச்சுருளைச் சரிசெய்வது, இது பொருளை உரியவரிடம் கொடுப்பது. ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் ஒரு சொல் ஆகாது.

இரண்டாவது சிக்கல் பெரிது. 7,000க்கும் மேற்பட்டவற்றில் 26ஐ மட்டும் கொடுத்தது அவமதிப்பு என்று மாணவர் ஒருவர் கொதிக்கிறார். ‘7,000இல் 26தான் மீட்கப்பட்டன’ என்று தமிழில் வந்தால், பெனின் நாட்டார் சரியாக முயலவில்லை என்ற பொருள் வந்துவிடுகிறது.

மாற்றுச் சொல் வேண்டும். சப்டைட்டில் என்பதால் நீளமும் முக்கியம்.

— க.வே.

---

> மாற்றுச் சொல் வேண்டும்.

கட்டாயம் வேண்டும். ‘மீட்டல்’ எப்போதும் இழந்தவரின் வினை. அடகு வைத்த நகையை மீட்பவர் வைத்தவர்தான், அதுவும் வட்டி கட்டி. புறத்திணையில் பகைவரின் மாட்டு நிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. கவர்ந்தவனே திருப்பிக் கொடுப்பதற்கு அங்கே திணை இல்லை. திருட்டுப்போன பத்தூர் நடராசர் சிலை லண்டனில் வழக்காடி வென்று 1991இல் இந்தியா திரும்பியதை ‘சிலை மீட்பு’ என்றால் அது மிகச் சரி. எடுத்தவர் தான் எடுத்தது தவறு என்று ஒப்பித் தருவது வேறு.

ஒரு சொல்லோடு வேலை முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோ 1978இல் அமைத்த குழுவின் பெயரிலேயே ‘ரிட்டர்ன்’, ‘ரெஸ்டிட்யூஷன்’ இரண்டும் தனித்தனியே உள்ளன. முறைகேடாகக் கைப்பற்றப்பட்டதற்கு மட்டுமே இரண்டாவது சொல். பிரான்சில் இதற்காகவே சண்டை நடந்தது. 2020இல் பெனின், செனகல் நாடுகளுக்கான சட்ட முன்வரைவு செனட்டுக்கு வந்தபோது, தலைப்பிலிருந்த ‘ரெஸ்டிட்யூஷனை’ எடுத்துவிட்டு ‘ரிட்டர்ன்’ பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டார்கள். கீழவை அதை ஏற்கவில்லை. 24 டிசம்பர் 2020 சட்டத்தில் ‘ரெஸ்டிட்யூஷன்’ என்றே நின்றது. தவறை ஒப்புகிற சொல்லை ஒரு நாடாளுமன்றம் அவ்வளவு யோசித்துத்தான் எழுதியது. நாம் அதை மழுப்பக் கூடாது.

சட்டம் எதற்கு என்றால், அப்போது பிரெஞ்சு அரசு அருங்காட்சியகப் பொருளை யாருக்கும் உரிமை மாற்றித் தர முடியாத நிலை இருந்தது. ஒவ்வொரு முறையும் விதிவிலக்கு இயற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு மேற்கு ஆப்பிரிக்கத் தலைவர் எல் ஹாஜ் உமர் தாலின் வாள் 2019 நவம்பரில் செனகல் தலைநகர் டக்காருக்குப் போனபோது கடனாகத்தான் போனது. உரிமை மாறியது 2020 சட்டத்தால். 2024இல் இரண்டு லண்டன் அருங்காட்சியகங்கள் அசாந்தே அரசின் பொன் அணிகளைக் கானாவுக்குக் கொடுத்ததும் கடன்தான், உரிமை இன்னும் லண்டனில். தமிழ்ச் செய்திகளில் இப்படிப்பட்டவை எல்லாமே ‘ஒப்படைப்பு’ என்று வருகின்றன. படிப்பவருக்கு எது சொந்தமானது, எது இரவல் என்றே தெரியாமல் போகிறது.

— இரா.த.

---

வணக்கம். ‘மீளளிப்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

இலங்கையில் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதற்கு இந்தச் சொல் புழக்கத்தில் உள்ளது. வாங்கியவர் தர வேண்டிய கடமை அதிலேயே இருக்கிறது. இங்கே ‘மீள’ என்றால் வந்த இடத்துக்கே திரும்பி. ஆகவே ‘இரண்டாம் தடவை அளித்தல்’ என்று யாரும் வாசிக்கமாட்டார்கள். ‘கையளிப்பு’ வேண்டாம். அது விழா மேடையில் கைமாறும் அந்த நிகழ்வுக்கு உரியது. பெனினின் கொட்டனூ நகரில் பெட்டிகள் வந்திறங்கும் காட்சிக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

— ம.யோ.

---

> ‘மீளளிப்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

நன்றி அம்மா. வரைவில் போட்டுப் பார்த்தாயிற்று. ‘உரியவரிடம் திருப்பி ஒப்படைத்தல்’ என்று விரித்தால் இடைவெளி சேர்த்து 31 குறியீடு. கண்ணுக்கு 18 எழுத்துதான், ஆனால் மென்பொருள் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். வரிக்கு 42 என்று வரம்பு வைத்தால் மிச்சம் 11, வாக்கியம் இரண்டாக உடைகிறது. ‘மீளளிப்பு’ 9தான். வினையாகவும் வளைகிறது: மீளளித்தது, மீளளிக்க மறுத்தது, மீளளிப்புச் சட்டம், மீளளிப்புக் கோரிக்கை. மாணவரின் வரி இப்போது ‘7,000க்கு மேல் இருக்க, மீளளித்தது வெறும் 26!’ என்று நிற்கிறது. பழி போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

தட்டச்சில் ஒரு ளகரம் விழுந்து ‘மீளிப்பு’ என்று ஆகிவிடுகிறது. சப்டைட்டில் கோப்பை வெளியே அனுப்புமுன் அந்த வடிவத்தைத் தேடித் திருத்திவிடுங்கள்.

மற்றவை: வெறும் ‘ரிட்டர்னு’க்கு ‘திரும்புகை’. கடனுக்கு ‘இரவல்’; ‘கடன்’ என்றால் பணம் நினைவுக்கு வரும். படப்பிரதிக்கு ‘சீரமைப்பு’. மனித எச்சங்களுக்கு மட்டும் ‘தாயகம் சேர்த்தல்’. ஐரோப்பாவில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பெண் சாரா பார்ட்மனின் உடல் எச்சங்கள் 2002இல் பிரான்சிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனதை மீளளிப்பு என்றால் அவரை மறுபடியும் காட்சிப்பொருளாக்கிவிடுவோம்.

— க.வே.

---

சொற்கள் சரி. கையேட்டில் ‘பெனின் வெண்கலங்கள்’ என்று ஓர் இடத்தில் வந்திருப்பதை நீக்குங்கள். அவை 1897இல் ஆங்கிலேயர் கொள்ளையிட்ட பெனின் நகரத்தவை, அந்த நகரம் நைஜீரியாவில் இருக்கிறது. படத்தில் வருபவை தஹோமே அரசின் சிலைகள், இன்றைய பெனின் குடியரசைச் சேர்ந்தவை. நைஜீரியக் கொள்ளைக்கு ‘1897 பெனின் நகரம்’ என்றே முழுதாக எழுதலாம்.

பெட்டி மூடித் திரை இருண்டதும் 26ஆம் எண் சிலை பேசுகிறதே, அந்த மொழியின் பெயரை ‘ஃபோன்’ என்று நெடிலில் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் வாசிப்பவர் சிலை தொலைபேசியில் பேசுவதாக நினைப்பார். குறிலாக்கி, ‘ஃபொன் மொழி’ என்று எப்போதும் ‘மொழி’ சேர்த்தே போடுங்கள்.

— இரா.த.