ஸ்ரீவைகுண்டத்தில் நின்று சுற்றிய புரோகிராம்

ஓகேம்ல் (OCaml) என்ற புரோகிராமிங் மொழி படிக்கிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருப்பதால் எனக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன். டைப்பை (எண்ணா, ஸ்ட்ரிங்கா என்ற வகையை) நாம் எழுத வேண்டாம், புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று ஆளாளுக்குப் பெருமையாகச் சொல்வோமே, அது கண்டுபிடித்ததை நாம் வாசிக்கிறோமா என்றால் நான் வாசிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பழகிப் பார்க்க ஒரு சின்ன வேலை எடுத்துக்கொண்டேன். தாமிரபரணி அணைக்கட்டுகள் எட்டும் வரிசையாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெக்கார்டு, அதில் பெயர், அப்புறம் ‘அடுத்தது’ என்று ஒரு ஆப்ஷன், அதாவது அங்கே ஒரு அணை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்த அணையைக் கொடுத்தாலும் ஆற்றோடு கீழே போய்க் கடைசி அணையைத் தர வேண்டும், ‘கடைசி’ என்ற ஃபங்ஷனுக்கு அவ்வளவுதான் சோலி. அடுத்தது இருந்தால் அதைக் கொடுத்துத் தன்னையே கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருக்கும் அணையை (அதற்கு ‘அ’ என்று பெயர்) அப்படியே திருப்பித் தர வேண்டும். நான் இரண்டாவது கிளையிலும் கைப்பழக்கத்தில் ‘கடைசி அ’ என்று அடித்துவிட்டேன். வெறும் ‘அ’ போதும்.

கம்பைல் சுத்தமாக முடிந்தது, ஒரு வார்னிங் கூட இல்லை. ஓட்டினால் பதிலே இல்லை. லேப்டாப் ஃபேன் மட்டும் கரகரவென்று சுற்ற, கீழேயிருந்து அம்மா “மேல என்னல சத்தம்?” என்றாள். ஸ்டாக் (முடியாமல் காத்திருக்கும் அழைப்புகளை அடுக்கிவைக்கும் மெமரி) நிரம்பி விழுந்திருந்தாலாவது விஷயம் புரிந்திருக்கும். இது டெயில் கால், அதாவது ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக ஒன்றைக் கூப்பிடுவது; ஓகேம்ல் அதை வெறும் தாவலாக மாற்றிவிடுவதால் மெமரி ஏறாமல் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் டேட்டாவைக் குடைந்த பிறகுதான் எடிட்டரில் ஃபங்ஷனுக்கு மேலே மங்கலாகத் தெரிந்த வரியைப் பார்த்தேன்: அணை -> 'ஏ. அதாவது உள்ளே போவது அணை, வெளியே வருவது 'ஏ; 'ஏ என்றால் எந்த டைப்பாகவும் இருக்கலாம். எழுதும்போதே கண்ணில் பட்டதுதான், “ஜெனரிக்கா வந்திருக்கே” என்று சந்தோஷம் வேறு பட்டிருந்தேன். வர வேண்டியது அணை -> அணை.

உள்ளே வருவது அணை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அதன் ‘அடுத்தது’ ஃபீல்டைத் தொட்டிருக்கிறோம். வெளியே என்ன வருகிறது? முதல் கிளை “கடைசி எதைத் தருதோ அதுதான்” என்கிறது, இரண்டாவது கிளையும் அதையே சொல்கிறது. டீக்கடையில் ரெண்டு பேரும் “காசு அவன் குடுப்பான்” என்று ஒருத்தனையே காட்டி, அந்த ஒருத்தன் வராமலே போன மாதிரி. கட்டிப்போட ஒன்றுமில்லாததால் அந்த எழுத்து சுதந்திரமாக நின்றுவிடுகிறது. நம்பர் கேட்டாலும் தருவேன், ஸ்ட்ரிங் கேட்டாலும் தருவேன் என்று ஒரு ஃபங்ஷன் சொன்னால், அது எதையும் தரப்போவதில்லை. திரும்பவே வராது, இல்லையென்றால் எக்ஸெப்ஷன் (பிழை) எறியும். நான் அந்தப் பதிலிலிருந்து பெயரை எடுத்து அச்சடித்ததற்குக்கூட கம்பைலர் மறுப்பு சொல்லவில்லை, 'ஏ எதற்கும் பொருந்துமே.

அம்பைக்காரர்:
தம்பி, நீங்கள் டைப் எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. நான் எல்லா ஃபங்ஷனுக்கும் டைப்பைக் கையால் எழுதுகிறவன். அணை -> அணை என்று எழுதியிருந்தால் அது சரியென்று ஒத்துக்கொண்டு, அந்த ஒரு துப்பும் போயிருக்கும். எழுதுகிற பழக்கத்தை இதற்காக விடமாட்டேன், ஆனால் முதலில் கம்பைலர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இன்னொன்று, டைப் சரியாக வந்தால் புரோகிராம் ஓடி முடியும் என்றும் எண்ண வேண்டாம். லிஸ்டை வரிசைப்படுத்த நான் ஒரு குவிக்சார்ட் எழுதினேன், லிஸ்டின் முதல் எண்தான் பிவட் (மற்றவற்றை ஒப்பிட்டுப் பிரிக்கும் எண்), சிறியவை இடப்பக்கம், “பெரியவை அல்லது சமமானவை” வலப்பக்கம். பிவட்டை எடுக்காமலே பிரித்ததால் வலப்பக்கத்துக்கும் அதுவே தலையாகப் போய், அடுத்த சுற்றில் அதே லிஸ்ட் அப்படியே திரும்பி வந்தது. டைப் என்னவோ 'ஏ லிஸ்ட் -> 'ஏ லிஸ்ட், பார்க்க லட்சணம். காலி லிஸ்ட் தவிர எதைக் கொடுத்தாலும் முடியாது. எல்லா புரோகிராமுக்கும் நிற்குமா நிற்காதா என்று சொல்ல ஒரு பொது வழி கிடையாது என்று கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1936-லேயே காட்டிவிட்டார், ராபின் மில்னர் 1978-ல் எழுதிய, டைப் கண்டுபிடிக்கும் அல்காரிதத்திடம் போய் அதைக் கேட்கலாமா?

தென்காசி:
நான் சி மொழியிலிருந்து ஹாஸ்கல் மொழிக்கு வந்த புதிதில் ‘லெட் எக்ஸ் = எக்ஸ் + 1’ என்று எழுதினேன், மேலே இருந்த எக்ஸோடு ஒன்று கூட்டும் என்ற நினைப்பில். ஹாஸ்கலில் வலப்பக்கத்து எக்ஸும் அதே புது எக்ஸ்தான். டைப் ஒழுங்காக ஒரு எண் என்றே வந்தது. ஓட்டினால் லூப் என்று ஒரே வார்த்தையில் திட்டிவிட்டு செத்துப்போயிற்று. அதாவது பரவாயில்லை, சில சமயம் அதுகூடச் சொல்லாமல் தொங்கும்.

வள்ளியூர்:
எல்லா 'ஏ-வும் தப்பு இல்லை வே. என் சர்வரின் மெயின் லூப் யூனிட் -> 'ஏ தான், யூனிட் என்றால் உள்ளே சொல்லும்படி எதுவும் போகவில்லை என்று அர்த்தம். ரெக்வெஸ்ட் வாங்கு, பதில் அனுப்பு, மறுபடி வாங்கு. அது நின்றால்தான் எனக்கு போன் வரும். ஒரு வேலையை நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் ஹாஸ்கலின் ஃபாரெவரும் அதே ஜாதி, கடைசியில் என்ன தரும் என்ற இடத்தில் யாரும் தொடாத ஒரு எழுத்துதான்.

மாடிக்காரன் மறுபடி:
அண்ணாச்சி சொன்ன குவிக்சார்ட்டை ஓட்டினேன், ஒரே ஒரு எண் கொடுத்தும் ஸ்டாக் நிரம்பி விழுந்தது. என் ‘கடைசி’ இப்போது எட்டு அணைக்கும் ஸ்ரீவைகுண்டம் என்றே சொல்கிறது. ஃபேன் சத்தமும் இல்லை.