மெழுகில் எவ்வளவு குங்கிலியம்? தஞ்சாவூர் வீணை ஆசாரியிடம் போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள்

தஞ்சாவூர் தெற்கு வீதிப் பக்கம் வீணை செய்துகொண்டிருந்த பெரியவர் போன மாதம் காலமாகிவிட்டார். பெயர் எழுதவில்லை. அவரிடம் போனவர்களுக்கு நாலு வரி படித்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். என்னுடையதை முதலில் எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

1994. எனக்குப் பதினாறு வயது. பாட்டியின் வீணை மேளம் கலைந்து கிடந்தது. வீணை பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கிதாரில் விரல் அழுத்தும் மெட்டுக் கம்பிகள் மரத்திலேயே பதிந்திருக்கும், வீணையில் அப்படி இல்லை. தண்டியின், அதாவது வீணையின் நீண்ட கழுத்தின், இரண்டு ஓரத்திலும் கறுப்பு மெழுகை வரப்பு மாதிரி கட்டி, அதன்மேல் 24 மெட்டுகளையும் அழுத்தி உட்கார வைத்திருப்பார்கள். இதற்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த 24 மெட்டு அமைப்பு தஞ்சாவூரில் நிலைபெற்றது என்பார்கள். மெழுகு வெயிலில் இளகும், மெட்டு நகரும், ஸ்வரம் பிசகும். சில வருடத்துக்கு ஒரு தடவை பழைய மெழுகைச் சுரண்டிவிட்டுப் புதிதாக மேளம் கட்டியே ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் மேளம் கட்டும் ஒருவர் இருந்தார். கட்டும்போது கதவைச் சாத்திக்கொள்வார். மெழுகில் என்ன சேர்க்கிறீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, "அது எங்க பரம்பரை" என்றார். அவர் கட்டிய மேளம் ஒரு சித்திரைகூடத் தாங்கவில்லை. அதனால்தான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம்.

பெரியவர் வீணையை மடியில் வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை மீட்டினார். அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "பாப்பா, எத்தனாவது மெட்டு உனக்குப் பிடிக்கல?" என்றார். ஏழு என்றேன். "அப்ப காது இருக்கு. இப்படி உக்காரு."

இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் தேன்மெழுகு உருகிக்கொண்டிருந்தது. குங்கிலியம் என்ற மரப்பிசினை அம்மியில் பொடித்து அதில் தூவினார். கடைசியில் சலித்த கரித்தூள். கடை முழுக்கக் கோயில் வாசனை. "எலுமிச்சம்பழ அளவு மெழுகுக்குக் கொட்டைப்பாக்கு அளவு குங்கிலியம், எழுதிக்கோ" என்றார். கையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

மெட்டு வைப்பதை அவர் சொல்லிக்கொடுத்த விதம் இதுதான். (சாரணி, பஞ்சமம், மந்தரம் எல்லாம் வீணைத் தந்திகளின் பெயர்.) ஏழாவது மெட்டில் மந்தரத் தந்தியை அழுத்தி மீட்டு, அழுத்தாத பஞ்சமத் தந்தியையும் கூடவே மீட்டு. இரண்டும் ஒரே ஸ்வரம்தான், பஞ்சமம். கொஞ்சம் விலகியிருந்தால் ஒலி ஒரே கோடாக வராது, அலை அலையாக வரும். "கண்ண மூடிக்கிட்டு அலைய எண்ணு." காய்ந்த கம்பியால் மெழுகைத் தொட்டு இளக்கி, மெட்டை நூலிழை நகர்த்துவார். அலை மெதுவாகும். இன்னும் கொஞ்சம். அலை நின்றுவிடும். அப்படியே ஐந்தாவது மெட்டுக்குப் பஞ்சமத் தந்தி, துணைக்கு அழுத்தாத சாரணி. பன்னிரண்டாவதுக்கு மந்தரம், அதே சாரணியோடு. இந்த மூன்றும் நின்றுவிட்டால் மற்றவற்றுக்கு வழி கிடைத்துவிடும்.

நான் ஐந்து மெட்டு வைத்தேன். மூன்றை எடுத்துக் கடாசினார். கிளம்பும்போது கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. "சொல்லிக் குடுத்ததுக்கு வாங்கல, உங்க பொண்ணு கெடுத்த மூணையும் மறுபடி வெச்சதுக்கு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிச் சிரித்தார்.

*

கொட்டைப்பாக்கா? எனக்கு நெல்லிக்காய் அளவு என்றல்லவா சொன்னார்! என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் டிக்கெட்டில் தப்பாக எழுதியிருக்க வேண்டும்.

நான் சென்னையில் வீணை வகுப்பு எடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போய்விடுவேன். முன்கூட்டிச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார் என்பதால் சொல்லாமலே போவேன். அப்படியும் நிறுத்திவிடுவார்.

அவரிடம் பாதியாக அறுத்த குடம், அதாவது வீணையின் உருண்டையான அடிப்பகுதி, ஒன்று இருந்தது. குடையும்போது விரிசல் கண்டு வீணாகிப்போனதாம். விறகுக்குப் போடாமல் நடுவில் ரம்பத்தால் அறுத்து வைத்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கலாம். அடியில் கனமாக இருக்கும், விளிம்புக்கு வர வர மெலிந்துகொண்டே போகும். வாய்ச்சி கொத்திய தழும்பு உள்ளே வரிவரியாக அப்படியே இருக்கும். ஒரு பையன், "ஏன் தாத்தா உள்ளே இழைக்கலே?" என்று கேட்டான். "உள்ள யாரு பாக்கப் போறா" என்றார். அப்புறம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இழைத்த ஒரு துண்டையும் இழைக்காத ஒரு துண்டையும் தட்டிக் காட்டி, எது எப்படிக் கேட்கிறது என்று அவனையே சொல்ல வைத்தார். அந்தப் பையன் வீணையை விட்டுவிட்டான். இப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை.

கோயில் மணி கேட்டு வளர்ந்த பலாதான் வீணைக்கு உசத்தி என்று நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுண்டு. அவர் எதிரிலேயே ஒரு தடவை சொன்னேன். "மணி கேட்டுச்சோ இல்லியோ, பண்ருட்டி மரமா இருக்கணும், வயசான மரமா இருக்கணும், நல்லா காஞ்சிருக்கணும்" என்றார். எனக்கு வருத்தம்தான். கதையை விடவில்லை, இன்னும் சொல்கிறேன்.

*

எல்லோரும் புகழ்கிறீர்கள், நல்லது. நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை ஒன்று கேட்டு முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதம் என்றார். கைக்கு வரப் பதினோரு மாதம் ஆனது. நான் போன ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவருக்கு எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் வெளிநாட்டு மாணவி ஒருத்திக்கு யாளி முகம் செதுக்குவதைக் காட்டிக்கொண்டிருந்தார். அது என் வீணையின் யாளி! அவள் ஒரு காதைக் கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கிவிட்டாள். இடது காது இன்றும் சிறிதாகத்தான் இருக்கிறது.

நாதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடன் வாங்கி முன்பணம் கட்டியவனுக்கு அந்தப் பதினோரு மாதம் எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். அவரிடமே சொன்னேன். "நீ சொல்றது நியாயம் தம்பி" என்றார். அடுத்த தடவை போனபோதும் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

*

நான் கோயம்புத்தூர். பட்டறை ஆள்தான், ஆனால் இரும்புப் பட்டறை. ஐம்பது வயதில் நாமே ஒரு வீணை செய்தால் என்ன என்று கிறுக்குப் பிடித்தது. மூன்று, நான்கு இடங்களில் கேட்டேன். விற்கிறோம், கற்றுத்தர மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, சோறு போடும் தொழில். இவர் மட்டும், "குடப்பலகை அச்சு சுவத்துல மாட்டியிருக்கு, காகிதத்த வெச்சு வரைஞ்சுக்க" என்றார். குடத்தின் வளைவு, தண்டியின் சரிவு எல்லாவற்றுக்கும் தகரத்தில் வெட்டிய அச்சுகள், அவர் தாத்தா காலத்தவை. முழு மத்தியானமும் தரையில் படுத்து வரைந்தேன். டீ வாங்கிக்கொடுத்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பைத்தியமா?" என்று அவரைக் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

நான் செய்த முதல் வீணை ஊமை. தந்தியை மீட்டினால் தகரத்தைத் தட்டின மாதிரி ஒரு சத்தம், உடனே செத்துப்போகும். காரில் போட்டுக்கொண்டு போனேன். குடத்தைத்தான் தப்பாகக் குடைந்துவிட்டேன் என்று பயந்தேன். அவர் குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையை, மட்டும் பார்த்தார். மரக் குதிரையின்மேல் ஒரு உலோகத் தகடு இருக்கும், தந்தி அதன்மேல்தான் கிடக்கும். நான் இரும்புப் பட்டறைக்காரன் அல்லவா, அந்தத் தகட்டைக் கண்ணாடி மாதிரி மட்டமாகத் தேய்த்திருந்தேன். என் வாழ்நாள் பெருமையே மட்டமாகத் தேய்ப்பதுதான். "இது மட்டமா இருக்கக் கூடாது, ஆமை முதுகு மாதிரி லேசா வளையணும். தந்தி அதுல படுத்து எந்திரிக்கணும்" என்றார். அரத்தை என் கையில் கொடுத்தார். நாலு இழுப்பு, தந்தியைப் போட்டுக் கேட்பது, மறுபடி நாலு இழுப்பு. சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு இழுப்பில் வீணை வாயைத் திறந்தது. எந்த இழுப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது போனில் வாழ்த்துச் சொன்னேன். "பலா மரம் விலை குறையுமா?" என்று கேட்டார்.

மெழுகு விஷயம்: எனக்குச் சொன்னது கொட்டைப்பாக்கும் இல்லை, நெல்லிக்காயும் இல்லை. சுண்டைக்காய்.

*

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். மகளுக்காக அவரிடம் ஒட்டு வீணை ஒன்று எடுப்பித்தோம். விமானத்தில் வந்து பெட்டியைத் திறந்தால் ஆறு மெட்டுகள் கழன்று கிடந்தன. மெழுகு துண்டு துண்டாக உடைந்திருந்தது. சரியான கோபத்தோடுதான் அவருக்கு எடுத்துக் கதைத்தேன். அவர் கோபப்படவில்லை. "எங்க மேல தப்பு, குளிர் ஊருன்னு சொன்னீங்க, நான் இங்கத்தக் கணக்குல குங்கிலியம் போட்டுட்டேன்" என்றார். குங்கிலியம் கூடினால் மெழுகு இறுகும், வெயிலைத் தாங்கும். ஆனால் குளிரில் நொறுங்கும். சுண்டைக்காயிலும் பாதி போடுங்கோ என்று சொல்லி, மெழுகு உருக்குவதில் இருந்து மெட்டு வைப்பது வரை மூன்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியிலேயே கதைத்துக் கதைத்து என்னைக் கொண்டு கட்டுவித்தார். நான் மீட்ட, அவர் அங்கே காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு, "இன்னும் அலை இருக்கு" என்பார்.

ஆகவே சென்னை அக்காவும் பிழையாக எழுதவில்லை, முதலில் எழுதிய தங்கையும் பிழையாக எழுதவில்லை. ஆளுக்கு ஒரு கணக்கு அல்ல, ஊருக்கு ஒரு கணக்கு.

இன்னொன்று. அந்த மாரிகாலத்தில் குடமும் தண்டியும் சேருகிற இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வந்தது. என்ன காரணம் என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது: "உங்க வீட்டுக்குள்ள ஈரத் துணி எவ்வளவு நேரத்துல காயுது?" அன்றிரவே ஒரு துவாயை நனைத்துக் கதிரையில் போட்டுப் பார்த்தேன். வெளியே பனி, உள்ளே ஹீற்றர். விடிவதற்குள் மொறமொறவென்று காய்ந்திருந்தது. சொன்னேன். "அப்ப வீணையும் அப்படித்தான் காயுது. அந்தத் துணியத் தினம் நனைச்சு அந்த ரூம்லயே போடுங்க" என்றார். வெடிப்பு அதற்குமேல் ஓடவில்லை. வீணை இருக்கிற அறையில் ஈரத் துவாய் ஒன்று இப்பவும் தொங்குது. வருகிற விருந்தாளிகள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

*

முதலில் எழுதியவள்தான் மறுபடி. கல்யாணமாகிப் பெங்களூரு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாட்டியின் வீணைக்கு நானேதான் மேளம் கட்டுகிறேன், அந்த பஸ் டிக்கெட்டை எதிரே வைத்துக்கொண்டு. ஒவ்வொரு மார்கழியிலும் இரண்டு மெட்டாவது மெழுகோடு பெயர்ந்து வரும். என் கைதான் சரியில்லை, அவர் கட்டினது அப்படி நின்றதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம்.

இன்று காலை பழைய மெழுகு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டேன். கூடத்தில், வீணைக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு ஈரத் துண்டு கிடக்கிறது. போட்டு நாலு மணி நேரம் ஆகிறது, ஓரம் மட்டும் காய்ந்திருக்கிறது.

கோயம்புத்தூர் அண்ணா, உங்கள் சுண்டைக்காய் பச்சையா, வற்றலா?