பவர் போன சர்வரின் டிஸ்க்கை இன்னொரு சர்வர் எடுக்க மாட்டேன் என்கிறது (பேஸ்மேக்கர், இரண்டு நோடு)

ரேக்_காவலன்:
வணக்கம். இரண்டு சர்வர், நடுவே பொதுவாக ஒரு சான் ஸ்டோரேஜ் (இரண்டும் நெட்வொர்க் வழியாக எட்டும் பொது டிஸ்க் பெட்டி). அதில் ஒரு லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும் பங்கு), அதன் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிப்பது), எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கோரோசிங்க் (நோடுகள், அதாவது சர்வர்கள், உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது) + பேஸ்மேக்கர் (ஒன்று போனால் வேலையை மற்றதுக்கு மாற்றுவது). ஒரு நேரத்தில் ஒரு சர்வரில்தான் மவுண்ட் ஆகும். ஃபென்சிங்குக்கு (பதில் சொல்லாத சர்வரை வலுக்கட்டாயமாக விலக்குவதற்கு) அந்தந்த சர்வரில் இருக்கும் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் தனிச் சில்லு), ஐபிஎம்ஐ (அதோடு பேசும் நெறிமுறை) வழியாக.

கெர்னல் பேனிக் வரவைத்துப் பார்த்தேன், மற்றது உடனே எடுத்துக்கொண்டது. நெட்வொர்க் கேபிளை உருவினேன், அப்போதும் சரி. ஆனால் யூபிஎஸ் வேலை நடந்தபோது முதல் சர்வரின் பவர் மொத்தமாகப் போய்விட்டது. இரண்டாவது அசையவே இல்லை. ஸ்டேட்டஸில் முதல் நோடு 'அன்க்ளீன், ஆஃப்லைன்' என்றே நின்றது. பவர் திரும்பிய பிறகுதான் எல்லாம் ஓடத் தொடங்கியது. உண்மையிலேயே சர்வர் செத்தால் வேலை செய்யாத கிளஸ்டர் எதற்கு?

சுடச்சுட_லினக்ஸ்:
ஸ்டோனித்தை (பேஸ்மேக்கரில் ஃபென்சிங்குக்குப் பேர்) டிசேபிள் பண்ணிடுங்க ப்ரோ. உடனே ஃபெயிலோவர் ஆகும்.

பழைய_டேப்:
தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். உடனே ஆகும் என்பது உண்மைதான், ஆகக்கூடாத நேரத்திலும் ஆகும்.

இரண்டாவது சர்வருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: முதலாவது பதில் சொல்லவில்லை. போன் எடுக்கவில்லை என்பதற்காக ஆள் இறந்துவிட்டார் என்று பத்திரத்தை மாற்றி எழுத முடியுமா? அந்த சர்வர் உயிரோடு அதே லன்னில் எழுதிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ், பல சர்வர் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்யக்கூடிய கிளஸ்டர் ஃபைல்சிஸ்டம் இல்லை. இரண்டு பேர் மவுண்ட் செய்தால் ஆளுக்கொரு கேஷ் வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமலே ஜர்னலையும் மெட்டாடேட்டாவையும் (ஃபைல்சிஸ்டத்தின் கணக்குப் பதிவுகள்) மாற்றி மாற்றி எழுதுவார்கள். மிச்சம் பேக்கப்தான். எக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டத்திலாவது இரட்டை மவுண்ட்டைத் தடுக்க எம்எம்பி என்று ஒன்று உண்டு, இதில் அதுவும் கிடையாது.

உங்கள் இடத்தில் நடந்தது இது: இரண்டாவது சர்வர் முதலாவதின் பிஎம்சியிடம் "அணைத்துவிடு" என்று கேட்டது. பிஎம்சிக்கும் அதே பவர் சப்ளைதான், அதுவும் இருட்டில். பதில் வரவில்லை என்றால் ஃபென்சிங் தோல்வி. உறுதி கிடைக்காமல் பேஸ்மேக்கர் டிஸ்க்கைத் தொடாது. பேனிக்கிலும் கேபிள் சோதனையிலும் பிஎம்சிக்குப் பவர் இருந்தது, அதனால் தப்பித்தீர்கள்.

ரேக்_காவலன்:
லாக் பார்த்தேன், ஐபிஎம்ஐ டைம்அவுட் வரிசையாக வந்திருக்கிறது. இரண்டே நோடு என்பதால் குவோரம் (பெரும்பான்மை ஓட்டு) பிரச்சினை என்று நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒரு கியூடிவைஸ் (ஓட்டுப் போட மட்டும் வெளியே இருப்பது) வைத்தால் தீராதா சார்?

பழைய_டேப்:
தீராது. கோரோசிங்கில் 'டூ நோடு' செட்டிங் போட்டிருப்பீர்கள், ஒருவர் போனாலும் குவோரம் நிற்கும். கியூடிவைஸ் யார் ஆளலாம் என்று சொல்லும். தோற்றவர் எழுதுவதை நிறுத்திவிட்டாரா என்பதற்கு அது சாட்சி இல்லை. இது புதுத் தலைவலியும் இல்லை. 1980களின் வேக்ஸ்கிளஸ்டரிலேயே (வேக்ஸ் கணினிகளின் கிளஸ்டர்) இரண்டு மெஷின் வைத்தால் மூன்றாவது ஓட்டுக்குக் குவோரம் டிஸ்க் என்று ஒன்றை வைத்தார்கள்.

உங்களுக்கு வேண்டியது பிஎம்சி கைவிட்டால் பிடிக்க இரண்டாவது லெவல் ஃபென்சிங். வழி ஒன்று, ஸ்விட்ச் வசதியுள்ள பிடியு (நெட்வொர்க் வழியே அணைக்கக்கூடிய பவர் பலகை). இரட்டைப் பவர் சப்ளை என்றால் இரண்டு பிடியுவையும் ஒரே லெவலில் போடுங்கள். அப்போதுதான் ரீபூட்டின்போது இரண்டையும் அணைத்த பிறகே மறுபடி போடும். தனித்தனி லெவலில் போட்டால் ஒரு வயர் எப்போதும் உயிரோடு இருக்கும்.

காசு செலவில்லாத வழி ஃபென்ஸ்_ஸ்கசி (ஸ்டோரேஜ் வழியே விலக்கும் ஃபென்சிங் நிரல்). ஸ்டோரேஜ் ஸ்கசி-3 பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷனை ஏற்க வேண்டும், அவ்வளவே. ஒவ்வொரு நோடும் லன்னில் தன் சாவியைப் பதிந்திருக்கும். ஃபென்ஸ் செய்தால் மற்றவரின் சாவி நீக்கப்படும், அதன்பின் அவர் எழுத முயன்றால் ஸ்டோரேஜே மறுத்துவிடும். செத்த சர்வரின் ஒத்துழைப்பு தேவையே இல்லை. மல்டிபாத் (ஸ்டோரேஜுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி) இருந்தால் ஃபென்ஸ்_எம்பாத் பயன்படுத்துங்கள், நோடுக்கு நோடு சாவி வேறாக இருக்கட்டும். 'ப்ரொவைட்ஸ் அன்ஃபென்சிங்' மெட்டாவை மறந்தால் திரும்பி வரும் நோடு சாவி பதியாமல் வெளியே நிற்கும்.

சுடச்சுட_லினக்ஸ்:
அதுவரைக்கும் நடுராத்திரி இதே மாதிரி ஆனா என்ன பண்றது?

பழைய_டேப்:
'ஸ்டோனித் கன்ஃபர்ம்' கட்டளை. ஆனால் சர்வர் ரூமுக்குப் போய் விளக்கு எரியவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, பவர் வயரையும் கழற்றிவிட்டு அடியுங்கள் தம்பி. வீட்டிலிருந்து விபிஎன்னில் ஊகித்து அடித்தால் நீங்கள் முதலில் சொன்ன கதைதான்.

ரேக்_காவலன்:
முதல் லெவல் ஐபிஎம்ஐ, இரண்டாவது ஃபென்ஸ்_எம்பாத் என்று மாற்றினேன். பவர் வயர்களை உருவியதும் ஐபிஎம்ஐ டைம்அவுட், பிறகு சாவி நீக்கம், போஸ்ட்கிரெஸ் இரண்டாவதில் எழுந்துவிட்டது. ஐபிஎம்ஐக்குக் காத்திருக்கும் நேரம்தான் கொஞ்சம் நீளம். அந்த டைம்அவுட்டைக் குறைக்கலாமா?

பழைய_டேப்:
குறைக்கலாம், ஆனால் உங்கள் பிஎம்சி நல்ல நிலையில் அணைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்துவிட்டு அதற்கு மேலே வையுங்கள். கூடவே பவர் பட்டன் அழுத்தத்தை ஓஎஸ் கண்டுகொள்ளாதபடி லாகின்டி (பவர் பட்டனைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) கான்ஃபிக்கில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிஎம்சி அணைக்கச் சொன்னாலும் சர்வர் சாவகாசமாக ஷட்டவுன் ஆகிக்கொண்டிருக்கும்.